காலைச் சிற்றுண்டி

பள்ளி நாள்களில் தமிழ்நாட்டு இல்லங்களில் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையுள்ள பொழுது மிகக் குறுகியது. வாசல் தெளித்தல், நீர் பிடித்து வைத்தல், குளித்தல், உடை உடுத்தல், நண்பகலுக்குரிய சோற்றைக் கட்டுதல் ஆகிய யாவும் அதற்குள் முடிதல் வேண்டும். இவற்றிற்கிடையே அடுப்பில் ஏற வேண்டுவது காலைச் சிற்றுண்டி. நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவதும் அதுவே. பசியில்லை என்று கூறிவிட்டு ஒரு குவளைக் காப்பியோடு புறப்படும் பிள்ளைகள் பலர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தாம் உண்ணாமலே வேலைக்குச் செல்லும் அன்னையரும் பலர்.

இரவு எட்டு மணிக்கு உண்டவர் மறுநாள் நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு அடுத்த வேளை உணவை உண்பாராயின், இடையே பதினாறரை மணி நேரம் கழிகின்றது. உறங்கும்பொழுதும் உடல் தன் வேலையை நிறுத்துவதில்லை. இதயம் துடிக்கின்றது, நுரையீரல் இயங்குகின்றது. ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கின்றது. கல்லீரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரைப் பொருள் இரவெல்லாம் சிறிது சிறிதாகச் செலவாகிக் காலையில் பெரிதும் குறைந்துவிடுகின்றது. அந்நிலையில் வகுப்பில் அமரும் மாணவனுக்குக் கணக்கு விளங்காமற்போவதற்குக் கணக்கு மட்டுமே காரணம் எனக் கூற இயலாது.

எனவே, கால் மணி அல்லது அரை மணி நேரத்திற்குள் உப்பும் உறைப்பும் பொருந்திய, சூடான சிற்றுண்டி ஒன்றனை வீட்டிலேயே செய்துகொள்ள வழி உண்டா என்பது சிறிய வினா அன்று. தமிழ் மக்களின் அடுக்களை இவ்வினாவிற்கு நெடுங்காலத்திற்கு முன்பே விடை கண்டுவிட்டது. அவ்விடையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விரைவாகச் சமைக்கும் உணவு என்பது வேலை குறைந்த உணவு அன்று. வேலை முன்னமே முடிந்த உணவு ஆகும். காலையில் மிச்சமாகும் நேரத்தை அதற்கு முன்பே யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒன்று, செலவிட்டிருத்தல் வேண்டும்.

இதற்கு அவலே சிறந்த சான்று. நெல்லை நீரில் ஊற வைத்து, சூடேறிய சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் உலக்கையால் இடித்துத் தட்டையாக்குவர். இக்காலத்தில் இவ்வேலையை ஆலைகளில் எந்திர உருளைகள் செய்கின்றன. ஊறியும் வறுபட்டும் வந்த அவல் முன்னமே பாதிக்குமேல் வெந்த பொருள். அரிசி சோறாவதற்குக் கொதிநீர் வேண்டும். அவலுக்கோ தண்ணீரே போதும். கெட்டி அவலைக் களைந்து, அது மூழ்குமளவு நீரில் ஐந்து நிமிடம் ஊற வைத்துப் பிழிந்து எடுத்தல் வேண்டும். மெல்லிய அவலுக்கு அதுவும் மிகை. நீரைத் தெளித்துப் பிசறினாலே போதும், ஊறினால் கூழாகிவிடும். பின்னர்க் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, அவலைக் கொட்டிக் கிளறினால் அவல் உப்புமா ஆயிற்று. இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிதல் நன்று. அவலில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கு எலுமிச்சையிலுள்ள வைட்டமின் 'சி' துணை செய்கின்றது. இவ்வளவிற்கும் பத்து நிமிடம் ஆகும். குசேலர் கண்ணனுக்குக் கந்தைத் துணியில் முடிந்துகொண்டு சென்றது அவல் என்பது மாணவர் அறிந்த கதை. நெடுவழி செல்பவர் அடுப்பின்றி உண்ணத்தக்க பொருள் அது என்பது அக்கதையால் விளங்கும்.

அவலுக்கு அடுத்து எண்ணத்தக்கது ரவை. கோதுமையை ஆலையில் உடைத்துத் தவிடு நீக்கி எடுக்கும் குறுநொய்யே ரவை. உப்பும் மாவும் சேர்ந்தது உப்புமா எனப் பெயர்க்காரணம் கூறுவர். அப்பெயரைக் கேட்ட அளவிலே முகம் சுளிப்பவர் பலர். விருந்தினர் முன்னறிவிப்பின்றி வந்த வீட்டிலும், கடைக்குச் செல்ல நேரமில்லாத வீட்டிலும் செய்யப்படுவது என்னும் இழிவு உப்புமாவிற்கு எவ்வாறோ நேர்ந்துவிட்டது. உண்மையில் குற்றம் ரவையினுடையது அன்று, செய்பவர் அவசரத்தினுடையது. வறுக்காத ரவையை, கொதிக்காத நீரில், ஒரே முறையாகக் கொட்டினால் விளைவது கட்டியும் பசையுமேயாம்.

அக்கட்டி உண்டாகும் வகையை அறிந்தவர் அதனைத் தடுக்கவும் அறிவர். ரவையில் மிகுதியாக இருப்பது மாச்சத்து. மாச்சத்து ஏறக்குறைய 60 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற்கு மேல் நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகும் இயல்புடையது. ரவையைக் குவியலாக நீரில் கொட்டினால் குவியலின் புறத்தே உள்ள மணிகள் உடனே பசையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்பசை சுவர்போல் நின்று உள்ளே நீர் புகாமல் தடுத்துவிடுகின்றது. அதனால் உருண்டையின் உள்ளே உலர்ந்த ரவை அப்படியே கிடக்கின்றது. ரவையைச் சிறிது நெய்யோ எண்ணெயோ விட்டு முன்னரே வறுத்துக்கொண்டால் ஒவ்வொரு மணியின்மீதும் மெல்லிய நெய்ப்பூச்சு படிகின்றது; மணிகள் தனித்தனியே நிற்கின்றன. ரவையில் உள்ள ஈரமும் பச்சை வாடையும் நீங்குகின்றன. நிறம் மாறுவதற்கு முன், மணம் எழும் பொழுதே இறக்கிவிடுதல் வேண்டும்.

மூவர்க்கு ஒரு டம்ளர் ரவை போதும். வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போடுதல் முதல் வேலை. கடுகின் உள்ளே சிறிதளவு ஈரம் உண்டு. எண்ணெயின் சூட்டில் அவ்வீரம் ஆவியாகித் தோலைப் பிளந்துகொண்டு வெளிப்படுவதே கடுகு வெடித்தல். ஆகவே, கடுகு வெடிக்கும் ஓசை எண்ணெய் போதிய அளவு காய்ந்தது என்பதற்கு அடையாளமும் ஆகும். வெடிக்காத கடுகு பல்லில் கசக்கும். அதன்பின் கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் ஆகியவற்றை முறையே இட்டு வதக்குதல் வேண்டும். கழுவிய கறிவேப்பிலையை ஈரத்தோடு எண்ணெயில் இட்டால் முகத்தில் எண்ணெய் தெறிக்கும். துடைத்து இடுதல் நலம். வீட்டில் காரட்டு, பீன்சு, பச்சைப்பட்டாணி முதலியன இருந்தால் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். இரண்டரை டம்ளர் நீர் ஊற்றி உப்பிட்டு, நீர் நன்கு துள்ளிக் கொதிக்கும்பொழுது தீயைத் தணித்து, இடக்கையால் ரவையை மணல் சொரிவதுபோலச் சொரிந்துகொண்டே வலக்கையால் கிளறுதல் வேண்டும். ஒரு நிமிடத்தில் நீர் முழுவதும் ரவைக்குள் அடங்கிவிடும். அப்பொழுது அடுப்பை அணைத்துவிடுவோர் பலர், அது பொருந்தாது. மூடியிட்டுச் சிறு தீயில் நான்கு நிமிடம் வைத்தால்தான் மணியின் உட்பகுதியும் வேகும். பள்ளிச் சீருடை அணிந்துகொள்ள அந்த நான்கு நிமிடம் போதும்.

சேமியாவும் இவ்வகையினதே. ஆயின் அதற்கு நீர் குறைவாக வேண்டும், மிகுந்தால் குழைந்துவிடும். அரிசியையும் துவரம்பருப்பையும் மிளகு சீரகத்தோடு ரவைபோல் உடைத்து டப்பாவில் வைத்திருக்கும் இல்லங்களில் அரிசி உப்புமா எளிதாகச் செய்யப்படும். வெண்கலப் பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் அதன் காந்தலுக்காகப் பிள்ளைகள் போட்டியிடுவது உண்டு.

இனி, இட்லியும் தோசையும். ஊற வைத்தல், அரைத்தல், புளிக்க வைத்தல் என ஒரு நாள் முழுவதும் நீளும் வேலையை விரைவுச் சிற்றுண்டியாகக் கொள்ளுதல் எங்ஙனம் எனச் சிலர் ஐயுறலாம். புளித்த மாவு உள்ள வீட்டில் இட்லியைவிட எளிய உணவு வேறில்லை. தட்டில் மாவை ஊற்றிப் பானையில் வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் தானே வேகும். கிளற வேண்டுவதில்லை, காவல் நிற்க வேண்டுவதில்லை. நீராவியின் ஆற்றலே இவ்விரைவிற்குக் காரணம். ஒரு கிராம் நீராவி குளிர்ந்து நீராகும்பொழுது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகின்றது. கொப்பரையில் எழும் நீராவி மாவின்மீது பட்டுக் குளிரும்தோறும் அவ்வெப்பம் முழுவதும் இட்லிக்குள் இறங்குகின்றது. கொதிநீரைவிட நீராவி கையைக் கடுமையாகச் சுடுவதும் இக்காரணம் பற்றியே. மூடியைத் திறப்பவர் தம் முகத்திற்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறத்தல் வேண்டும்.

இட்லியின் பழமை போற்றத்தக்கது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் கன்னட மொழியில் எழுதப்பெற்ற வட்டாராதனை என்னும் உரைநடை நூலில் 'இட்டலிகே' என்னும் உணவின் பெயர் காணப்படுகின்றது. அக்காலத்து இட்டலிகேயும் இக்காலத்து இட்லியும் செய்முறையில் ஒன்றே எனக் கொள்வதற்கில்லை. இன்று வழக்கிலுள்ள முறை இது: நான்கு பங்கு புழுங்கலரிசியையும் ஒரு பங்கு உளுந்தையும் தனித்தனியே நான்கு மணி நேரம் ஊற வைப்பர். உளுந்துடன் சிறிது வெந்தயமும் சேர்ப்பர். உளுந்தைப் பொங்கப் பொங்கவும் அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாகவும் அரைத்து, உப்பிட்டுக் கலந்து, மாலையில் மூடி வைப்பர். காலையில் மாவு இருமடங்காகப் பொங்கி நிற்கும்.

இரவில் அப்பாத்திரத்திற்குள் நிகழ்வது யாது? உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் தங்கியிருக்கின்றன. ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தவுடன் அவை பல்கிப் பெருகி மாவிலுள்ள சர்க்கரைப் பொருளை உண்கின்றன. அதன் பயனாக லாக்டிக் அமிலமும் கரியமில வாயுவும் தோன்றுகின்றன. அமிலம் மாவிற்குப் புளிப்பைத் தருகின்றது. வாயு அதனைப் பொங்கச் செய்கின்றது. உளுந்தின் கொழகொழப்பு வாயுக் குமிழிகளை வெளியேறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் இட்லி மென்மை பெறுகின்றது. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது இதனாலேயே. 1965ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இவ்வேலையில் முதன்மையாக நிற்பது லியூகோநாஸ்டாக் என்னும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் என்றும், ஊறும்பொழுதும் புளிக்கும்பொழுதும் மாவில் தாமே வளரும் உயிர்களே மாவு பொங்குவதற்குப் போதுமானவை என்றும் காட்டிற்று. இன்னாருடைய கைபட்டால்தான் மாவு பொங்கும் எனக் 'கைராசி' பேசும் வீடுகள் இன்றும் உள்ளன. அப்புகழில் பெரும்பகுதி உளுந்திற்கு உரியது.

நுண்ணுயிர்களுக்கு 30 பாகை சென்டிகிரேடு அளவான வெப்பம் ஏற்றது. அவ்வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் மாவு பதமாகும். கோடையில் சென்னையில் நள்ளிரவிற்குள் பொங்கி வழிந்து தரையை நனைக்கும் அதே மாவு, மார்கழியில் உதகமண்டலத்தில் விடிந்தபின்னும் அசைவற்றுக் கிடக்கும். குளிர்ந்த ஊர்களில் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றியும், சூடு தணிந்த அடுப்பின் அருகே வைத்தும் மக்கள் மாவைப் பொங்க வைக்கின்றனர். பதமான மாவைக் குளிர்பெட்டியில் வைத்தால் புளிப்பு மெல்ல ஏறும். மூன்று நான்கு நாள்களுக்குப் பயன்படும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு மிகுந்த நாளில் வெங்காயமும் மிளகாயும் கலந்த ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம் என ஒரே மாவு பல காலைப்பொழுதுகளைத் தாங்குகின்றது.

எனினும் மாவு தானே அரைபடுவதில்லை. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறு கையால் மாவைத் தள்ளி ஒரு மணி நேரத்திற்கு மேல் அரைத்த பெண்களின் தோள்வலியே முன்னாளில் இட்லியின் விலையாக இருந்தது. ஆகவே பல வீடுகளில் இட்லி திருநாள் உணவாகவே இருந்தது. 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்னாற்றலால் இயங்கும் அரைவை எந்திரத்தை அமைத்தார் என்பர். நாளடைவில் அவ்வூர் அத்தொழிலுக்கே பெயர் பெற்றது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்னும் பெயர் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அரண்மனைகளையும் அணைகளையும் கட்டியவர் பெயர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கின்றது. எண்ணிறந்த பெண்களுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்தை மீட்டுத் தந்த எந்திரத்திற்கும் அவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

புளிக்க வைக்காமலே செய்யத்தக்க தோசைகளும் உள. கோதுமை மாவில் கால் பங்கு அரிசி மாவு கலந்து, மோர் விட்டுக் கரைத்து, சீரகமும் பச்சைமிளகாயும் சேர்த்து உடனே வார்க்கலாம். கேழ்வரகு மாவையும் அவ்வாறே வார்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பகுதியே. எலும்பு வளரும் பருவத்தினர்க்கு அது பெரிதும் ஏற்றது. அரிசியோடு துவரை, கடலை, உளுந்து ஆகிய பருப்புகளை இரவில் ஊற வைத்துக் காலையில் மிளகாயுடன் அரைத்தால் அடைக்கு மாவு ஆயிற்று. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் பொருள் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாயிருக்கும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஓர் அடையில் சேரும்பொழுது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இந்நுட்பத்தை வேதியியல் கற்பதற்கு முன்பே பாட்டிமார் நாவினால் அறிந்திருந்தனர் போலும்!

ரவையிலும் இட்லி செய்யலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி கிடைப்பது அரிதானபொழுது ரவை இட்லியைத் தாங்கள் உண்டாக்கியதாகப் பெங்களூரில் உள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் பழைய சிற்றுண்டிச் சாலையினர் கூறுவர். வறுத்த ரவையைத் தயிரில் கலந்து சிறிது சமையல் சோடா சேர்த்தால், தயிரின் புளிப்பும் சோடாவும் கூடிக் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. நுண்ணுயிர்கள் ஓர் இரவில் செய்யும் பணியை இவை சில நிமிடங்களில் செய்துவிடுகின்றன. இரவில் விளையும் புளிப்பின் மணம் மட்டும் அதில் இராது.

வெண்பொங்கலை விரைவுச் சிற்றுண்டியாக்கியது அழுத்தக் கலம் எனப்படும் பிரஷர் குக்கர். திறந்த பானையில் நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. ஆவியை வெளிவிடாமல் அடக்கினால் அழுத்தம் மிகுந்து, நீர் ஏறக்குறைய 120 பாகை வரை சூடேறுகின்றது. பண்டம் விரைவில் வேகின்றது. 1679ஆம் ஆண்டில் தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் எலும்பையும் மென்மையாக்கும் கலம் ஒன்றை இக்கொள்கை பற்றியே அமைத்தார். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பும் ஐந்து டம்ளர் நீரும் வைத்துக் குழைய வேக விட்டு, மிளகு, சீரகம், இஞ்சி ஆகியவற்றை நெய்யில் தாளித்துக் கொட்டினால் அரை மணி நேரத்தில் பொங்கல் ஆயத்தமாகும். அழுத்தம் அடங்கும் முன் மூடியைத் திறக்க முயல்வது பேரிடர் விளைக்கும்.

அடுப்பே வேண்டாத காலையுணவு ஒன்று உண்டு. இரவில் மீந்த சோற்றில் தூய நீர் ஊற்றி மூடி வைத்தால் விடிவதற்குள் அதுவும் இட்லி மாவைப்போலவே மெல்லப் புளிக்கின்றது. மறுநாள் உப்பும் மோரும் கலந்து, சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் கடித்துக்கொண்டு உண்பர். வடித்த நீரை நீராகாரம் எனப் பருகுவர். வயலில் ஏர் பிடித்தோர்க்கும் நாற்று நட்டோர்க்கும் தலைமுறை தலைமுறையாக வலிமை தந்தது இப்பழைய சோறேயாம். அதனை ஏழையர் உணவு என எள்ளிய காலம் ஒன்றிருந்தது. இன்று நகரத்து உணவகங்கள் மண்கலயத்தில் வைத்து அதனை விலைக்கு விற்கின்றன. சோறு நெடுநேரம் வெறுமனே திறந்து கிடந்தபின் நீரூற்றுதல் தீங்கு தரும். ஆறியவுடனே நீரூற்றி, ஒரே இரவில் புளித்ததை மறுநாட்காலையே உண்டுவிடுதல் வேண்டும்.

சிற்றுண்டியினும் அதற்குத் தொடுகறி செய்வதே நேரத்தைத் தின்னும். இதற்கும் முன்னேற்பாடே வழி. உளுந்து, கடலைப்பருப்பு, வரமிளகாய், எள், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்து உப்புடன் பொடித்து வைத்த மிளகாய்ப்பொடி ஒரு மாதம் வரை கெடாது. நல்லெண்ணெயில் குழைத்தால் போதும். எண்ணெய் பிரியச் சுருள வதக்கிய தக்காளித் தொக்கும் அத்தகையதே. பொட்டுக்கடலையும் தேங்காயும் அரைக்கும் சட்டினிக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அது நண்பகல்வரை தாங்காது.

ரவையை வறுத்து வைத்தவர் யார், மாவை அரைத்து வைத்தவர் யார், வெங்காயத்தை உரித்து வைத்தவர் யார் எனப் பல இல்லங்களில் வினவினால் ஒருவர் பெயரே விடையாக வரும். எல்லோரும் உறங்கியபின் உறங்கி எல்லோர்க்கும் முன் விழிப்பவர் அவர். பிறர் காணும் விரைவு அவருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, பதின்மூன்று பதினான்கு வயதுடைய மாணவர் ஒருவர் இவற்றுள் சிலவற்றை எளிதாக மேற்கொள்ளலாம். விடுமுறை நாளில் ஒரு கிலோ ரவையை வறுத்து ஆற வைத்து டப்பாவில் அடைத்தல், இரவில் அரிசி பருப்புகளை அளந்து ஊற வைத்தல், தேங்காய் துருவி வைத்தல், தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுதல் முதலியவற்றிற்கு மிகுந்த பயிற்சி வேண்டுவதில்லை. அடுப்பருகே செல்வோர் தொங்கும் தாவணியையும் தளர்ந்த சட்டைக் கையையும் செருகிக்கொள்ளுதல் வேண்டும். எரிவாயுவின் நாற்றம் தோன்றினால் விளக்கின் விசையைத் தொடாமல் சன்னல்களைத் திறத்தல் வேண்டும். முதன்முறை தாளிப்பவர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்பது நல்லது.

இவ்வளவு ஏற்பாடும் இயலாத இல்லங்களும் நாட்டில் உண்டு. விடியுமுன்பே கட்டட வேலைக்கும் களையெடுப்பிற்கும் தாய் தந்தையர் புறப்பட்டுவிடும் வீடுகளில் பத்து நிமிட உப்புமாவைக் கிளறவும் ஆள் இராது. அவ்வீட்டுப் பிள்ளைகளைக் கருதித் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கண் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைபெற்ற அத்திட்டம், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் திருக்குவளையில் மாநிலத்திலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. பல ஊர்களில் மகளிர் தன்னுதவிக் குழுவினரே வகுப்புத் தொடங்குமுன் சமைத்துப் பரிமாறினர். அத்திட்டத்தின் உணவுப் பட்டியலில் இடம்பெற்றவை ரவை உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவையே. அவற்றோடு காய்கறிச் சாம்பாரும் உண்டு. ஐம்பது குழந்தைகளுக்கு ஐம்பது தோசை வார்த்து முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். உப்புமாவோ ஒரே அண்டாவில் ஒரே சமயத்தில் வெந்து இறங்கிவிடும். கடைசிக் குழந்தையின் தட்டிலும் ஆவி பறக்கும்.